கப்பல் கரையில் நிற்கும் நேரத்தில் கடலடிக்குப் போய்வர முடியுமா?

வட சென்னை வாசகர்களிடமிருந்து அண்மையில் வந்த கடிதங்களில் பல, உல்லாசக் கப்பலில் செல்லும்போது வழியில் வரும் தீவுகளில் ஸ்கூபா (முதுகில் காற்று உருளையுடன்) முக்குளிப்பதைப் பற்றிக் கேட்டிருக்கின்றன. அவற்றுள் நான்கை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்கான பதில் சற்று நீளமாக இருக்கும். மற்ற மூவருக்கும் வேண்டிய செய்திகளில் பாதி அதற்குள்ளேயே வந்துவிடுவதால் அவர்களும் அதைப் படித்துவிட வேண்டுகிறேன்.

கேள்வி: நானும் என் கணவரும் புதுச்சேரியில் பயிற்சி பெற்று ‘ஓப்பன் வாட்டர்’ என்னும் தொடக்கநிலை ஸ்கூபா சான்றிதழ் வாங்கியவர்கள். டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் சிங்கப்பூருக்கு விமானத்தில் சென்று, அங்கிருந்து பினாங்கு, புக்கெட் இரண்டையும் தொட்டுத் திரும்பும் நான்கு இரவுக் கப்பலில் பதிவு செய்திருக்கிறோம். கப்பல் நிறுவனத்தின் கரைச் சுற்றுலாப் பட்டியலில் ஸ்நார்க்கலிங் (கண்ணாடியும் மூச்சுக்குழலும் மாட்டி மேலே மிதந்து பார்ப்பது) மட்டுமே இருக்கிறது. நாங்களே தனியாக டைவிங் ஏற்பாடு செய்துகொள்ளலாமா? புக்கெட்டில் காலை 8 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குப் புறப்படுவதாக நிரலில் உள்ளது. பத்து மணி நேரம் போதும்தானே?
– ஒரு வாசகி, இராயபுரம்

பதில்: தாராளமாகச் செய்துகொள்ளலாம். ஆனால் உங்கள் கையில் இருப்பது பத்து மணி நேரம் அன்று. நிரலில் போட்டிருக்கும் இரண்டு நேரங்களும் கப்பல் வந்து நிற்பதையும் கிளம்பிப் போவதையும் மட்டுமே குறிக்கின்றன. வந்து நின்ற பிறகு துறைமுக அதிகாரிகள் அனுமதி கொடுக்கும் வரை ஒருவரும் இறங்க முடியாது. கிளம்புவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே எல்லோரும் ஏறி முடித்திருக்க வேண்டும். புக்கெட்டில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. சில கப்பல்கள் தீவின் தென்கிழக்கே மாக்கம் விரிகுடாவில் உள்ள துறையில் நேராகக் கயிறு கட்டி நிற்கின்றன. வேறு சில, மேற்குக் கரையில் பத்தோங் விரிகுடாவில் நங்கூரம் போட்டுவிட்டுச் சிறு படகுகளில் பயணிகளைக் கரைக்கு அனுப்புகின்றன. அப்படி அனுப்பும்போது கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்களை முதலில் இறக்குவதுதான் வழக்கம் என்பதால், தனியாகப் போகிறவர்கள் வரிசை எண்ணை வைத்துக்கொண்டு வெகுநேரம் காத்திருக்க நேரிடும். உங்கள் கப்பல் எந்தப் பக்கம் நிற்கப்போகிறது என்பதை இப்போதே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்து, கடிகாரம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்தைவிட ஒரு மணி பின்தங்கியது. சிங்கப்பூரில் கிளம்பும் கப்பல் புக்கெட்டுக்காகத் தன் கடிகாரத்தை மாற்றிக்கொண்டாலும் மாற்றிக்கொள்ளும், மாற்றாமல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தாலும் இருக்கும். கரையில் கால் வைத்ததும் உங்கள் செல்போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் மாறாமல் இருந்தால், செல்போனில் மணி ஐந்து என்று பார்த்து நிதானமாக நீங்கள் நடந்துவரும் அதே நொடியில் கப்பலில் மணி ஆறாகிக் கயிறு அவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்து அன்று முழுவதும் கட்டிக்கொள்ளுங்கள். முந்தைய இரவு அறைக்கு வரும் தினசரித் தாளில் கப்பல் நேரம் எது, கடைசியாக ஏற வேண்டிய நேரம் எது என்ற இரண்டும் அச்சாகியிருக்கும். அதையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். புக்கெட்டின் வழக்கமான டைவ் படகுகள் தெற்கே சாலோங் துறையிலிருந்து காலை எட்டு, எட்டரை வாக்கில் ராச்சா தீவுகளுக்குக் கிளம்பி, மாலை நான்கு மணி அளவில் திரும்புகின்றன. கப்பல் சிங்கப்பூர் நேரத்தில் இருந்தால் நீங்கள் வந்து சேர்வது தாய்லாந்துக் கணக்கில் காலை ஏழு மணி. அடித்துப்பிடித்துப் படகைப் பிடித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொண்டாலும், படகு திரும்பும் நான்கு மணிக்கும் கப்பலில் ஏறியிருக்க வேண்டிய நான்கரைக்கும் (கப்பல் நேரம் ஐந்தரை) நடுவே இருப்பது அரை மணி நேரம்தான். கப்பல் தாய்லாந்து நேரத்துக்கு மாறிக்கொண்டாலோ, நீங்கள் இறங்குவதற்கு முன்பே படகு போயிருக்கும். எந்தக் கணக்கில் பார்த்தாலும் அந்த நாள் முழுவதும் ஓடும் படகு உங்களுக்கு ஆகாது. கப்பல் பயணிகளை ஏற்றிப் பழகிய டைவ் சென்டர்கள் இதைத் தாங்களாகவே சொல்லிவிடும். சொல்லாமல், ‘வந்துவிடுங்கள், பார்த்துக்கொள்ளலாம்’ என்று பதில் எழுதும் இடத்தை நான் நம்பமாட்டேன்.

மிஞ்சுவன இரண்டு வழிகள். நான்கைந்து பேர் சேர்ந்தால் ஒரு விரைவுப் படகைத் தனியாக வாடகைக்கு எடுத்து ராச்சா யாய் தீவுக்குப் போய்வரலாம். படகு உங்கள் நேரத்துக்குத் திரும்பும், ஆனால் செலவு கூடும். இல்லையென்றால் மேற்குக் கரையிலுள்ள காத்தா கடற்கரையில் மணலிலிருந்தே நடந்து இறங்கி முக்குளிக்கலாம். நீங்கள் இருவர் மட்டும் என்பதால் நான் காத்தாவைத்தான் சொல்வேன். ஆழம் பெரும்பாலும் பத்து மீட்டருக்குள் இருக்கும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அந்தக் கரை அமைதியாக இருப்பதால் உங்கள் டிசம்பர் பயணத்துக்குப் பொருந்தும். மே முதல் அக்டோபர் வரை போகிறவர்கள் இதே யோசனையைப் பின்பற்றக் கூடாது. அப்போது தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கரை முழுவதும் அலை புரளும். 1997இல் பாறையில் மோதி மூழ்கிய ‘கிங் குரூசர்’ கப்பலைப் பார்க்க வேண்டும் என்று பலரும் ஆசைப்படுவதுண்டு. அதன் பெரும்பகுதி ‘ஓப்பன் வாட்டர்’ சான்றிதழுக்கு உரிய 18 மீட்டர் எல்லைக்குக் கீழே கிடக்கிறது, தொலைவும் அதிகம். அதை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டைவ் சென்டருக்கு எழுதும்போது கப்பலின் பெயர், நிற்கும் இடம், வரும் நேரம், கடைசியாக ஏற வேண்டிய நேரம் ஆகியவற்றை உள்ளூர் நேரத்தில் குறிப்பிடுங்கள். வழிகாட்டி ஒருவருக்கு எத்தனை பேர், அவசரத்துக்கு ஆக்சிஜன் கையில் இருக்குமா, துறைமுகத்திலிருந்து வண்டி அனுப்புவார்களா என்று கேளுங்கள். கப்பல் அந்தத் துறைமுகத்துக்கே வராமல் போய்விட்டால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காற்றோ அலையோ சரியில்லை என்று கப்பல்தலைவர் முடிவெடுத்தால் ஒரு துறைமுகத்தைத் தாண்டிப் போய்விடுவார், அதில் பயணிகள் சொல்வதற்கு ஒன்றுமில்லை. கடைசியாக ஏற வேண்டிய நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே நீங்கள் துறைமுகத்துக்குத் திரும்பியிருக்கும்படி எல்லாவற்றையும் பின்னிருந்து முன்னாகக் கணக்கிட்டு அமைத்துக்கொள்ளுங்கள். கப்பல் நிறுவனமே அழைத்துப்போன சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அவர்களே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். தனியாகப் போனவர்களுக்கு இரண்டும் இல்லை. அதனால்தான் கடவுச்சீட்டின் நகல், வங்கி அட்டை, தினசரித் தாளில் உள்ள துறைமுக முகவரின் தொலைபேசி எண் மூன்றையும் நீர் புகாத உறையில் போட்டு எடுத்துச் செல்லச் சொல்கிறேன்.

சாமான்களில் மாஸ்க்கையும், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டரையும் மட்டும் சொந்தமாக வைத்துக்கொண்டால் போதும். மாஸ்க் முகத்துக்கு முகம் வேறுபடும். வாடகை மாஸ்க்கில் ஓரமாக நீர் கசிந்துகொண்டே இருந்தால் கிடைத்த ஒரு டைவும் அதைச் சரிசெய்வதிலேயே கழிந்துவிடும். கத்தியையும் சிலிண்டரையும் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். நீங்கள் கடைசியாக நீருக்குள் இறங்கி ஓர் ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால், நவம்பருக்குள் நேரம் பார்த்து ஒரு முறை புதுச்சேரிக்குப் போய்ப் பயிற்சியாளருடன் பழகிவிட்டு வாருங்கள். சான்றிதழ் அட்டையையும் டைவ் குறிப்பேட்டையும் மறக்க வேண்டாம்.

விமானத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். நீருக்குள் பத்து மீட்டர் இறங்கினால் உடல் மீதான அழுத்தம் கரையில் உள்ளதைப் போல் இரு மடங்காகிறது. மூச்சுக் காற்றில் உள்ள நைட்ரஜன் அந்த அழுத்தத்தில் திசுக்களில் கரைந்து, மேலே வந்த பிறகு மணிக்கணக்கில் மெல்ல வெளியேறுகிறது. அது வெளியேறி முடிவதற்குள் விமானத்தில் ஏறினால், 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமமான குறைந்த அழுத்தத்துக்கு உடல் போகிறது. மிச்சமுள்ள நைட்ரஜன் அங்கே குமிழ்களாகப் பிரியக்கூடும். மூட்டு வலி, மரத்துப்போதல், காரணமில்லாத அசதி என்று தொடங்கி நரம்பு மண்டலம் வரை அது தாக்கும். ஆகவே ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரமும், ஒன்றுக்கு மேற்பட்டவை என்றால் குறைந்தது 18 மணி நேரமும் கழித்தே பறக்க வேண்டும் என்பது டைவிங் அமைப்புகள் சொல்லும் அளவு. முழுதாக ஒரு நாள் விடுவது இன்னும் நல்லது. உங்கள் கப்பல் பினாங்கை முதலிலும் புக்கெட்டைப் பிறகும் தொட்டு, அடுத்த நாள் முழுவதும் கடலில் ஓடி மறுநாள் சிங்கப்பூர் சேர்வதாக இருந்தால் கவலையில்லை. வரிசை தலைகீழாக இருந்தால் பினாங்குக் கொடிமலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது 800 மீட்டருக்கு மேல் உயரமானது, டைவ் முடித்த அன்றைக்கே ஏறத் தக்கது அன்று. பினாங்கில் டைவிங்குக்கு முயல வேண்டாம், அங்கே நீர் கலங்கல்; ஜார்ஜ் டவுன் தெருக்களில் நடந்து நன்றாகச் சாப்பிட்டு வாருங்கள். டைவ் முடித்த மாலையில் கப்பலின் வெந்நீர்த் தொட்டியையும் மதுவையும் தவிர்த்து நிறையத் தண்ணீர் குடியுங்கள். அன்றிரவு உடம்பில் எந்த மாற்றம் தெரிந்தாலும், ‘படகில் இடித்துக்கொண்டது’ என்று நீங்களே காரணம் கற்பித்துக்கொள்ளாமல் கப்பல் மருத்துவரிடம் போய், இன்று முக்குளித்தேன் என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் கடல் தொழில்தான், அப்பாவுக்குச் சொந்தப் படகு உண்டு. நான் சென்ற ஆண்டு ஸ்கூபா கற்றுக்கொண்டேன். சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குப் போகும் உல்லாசக் கப்பலில் திருகோணமலை வரும்போது, போரில் மூழ்கிய ‘ஹெர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பலை முக்குளித்துப் பார்க்க ஆசை. முடியுமா?
– 23 வயது வாசகர், காசிமேடு

பதில்: முடியாது, தம்பி. அந்தக் கப்பல் திருகோணமலையிலிருந்து கிளம்பியது உண்மை. ஆனால் 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தது தெற்கே, மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில். ஒரு பகல் மட்டும் நிற்கும் கப்பலிலிருந்து இறங்கி அங்கே போய்வர நேரம் இருக்காது. அதைவிடப் பெரிய தடை ஆழம். ஹெர்மிஸ் ஐம்பது மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லையே 40 மீட்டர்தான், அதுவும் மேல்நிலைப் பயிற்சி பெற்றவர்களுக்கு. அங்கே போகிறவர்கள் சாதாரணக் காற்றுக்குப் பதில் கலப்பு வாயுக்களுடன், மேலே வரும்போது பல இடங்களில் நின்று நின்று ஏறும் முறையில் தனிப் பயிற்சி பெற்றவர்கள். முந்நூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த இடம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

உனக்குத் திருகோணமலை நகரத்திலேயே நல்ல இடம் இருக்கிறது. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் பாறை அப்படியே செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் தூண்களும் கற்களும் அதன் அடியில் கிடக்கின்றன. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் முக்குளித்து அந்த இடிபாடுகளைக் கண்டார்கள். வில்சன் எடுத்துவந்த லிங்கம் மறுபடி கோயிலுக்கே போய்ச் சேர்ந்தது. கப்பல் நிற்கும் துறைமுகத்திலிருந்து தொலைவு குறைவு, நேரமும் நம் நேரமே என்பதால், இராயபுரம் வாசகிக்குச் சொன்ன கடிகாரச் சிக்கல் உனக்கு இல்லை. கோயில் கற்களைத் தொடவோ எடுக்கவோ கூடாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பருவத்தைப் பார்த்துக்கொள். வாடைக் காற்று வீசும் மாதங்களில் அந்தக் கரையில் நீர் கலங்கி அலை உயர்ந்திருக்கும். மே முதல் செப்டம்பர் வரைதான் தெளிவு. வண்ணி, தெண்டி என்று நீரோட்டத்துக்குப் பெயர் சொல்லிப் பழகிய வீட்டுப் பிள்ளை நீ. கடலின் மேற்பரப்பைப் பார்த்தே உனக்குப் பல செய்திகள் தெரியும். ஆனாலும் அந்தப் பாறையடியில் நீர் எப்படி ஓடும் என்பது அங்கே தினமும் இறங்குகிறவருக்கே தெரியும் என்பதால், உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் இறங்காதே. உன் கப்பல் அம்பாந்தோட்டையிலோ காங்கேசன்துறையிலோ நின்றால் அங்கே டைவிங் திட்டம் வேண்டாம். அங்கே ஊர் பார்.

கேள்வி: எனக்கு வயது 54. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். மகன் குடும்பத்தோடு கப்பல் பயணம் போகிறோம். சான்றிதழ் இல்லாதவர்களும் பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை கடலுக்குள் போய்ப் பார்க்கலாம் என்கிறார்களே, நான் போகலாமா?
– ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: அம்மா, அறிமுக டைவ் என்பது அதுதான். காலையில் சிறிது பயிற்சி கொடுத்து, பயிற்சியாளர் கூடவே இருந்து, 12 மீட்டருக்கு மேல் ஆழம் போகாமல் அழைத்துச் செல்வார்கள். அதற்கு முன்பாக உடல்நலக் கேள்வித்தாள் ஒன்றைக் கொடுப்பார்கள். அதில் சர்க்கரை நோய் பற்றிய கேள்வியும், நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு இரத்த அழுத்தம் பற்றிய கேள்வியும் உண்டு. ‘ஆம்’ என்று எழுதினால் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் நீரில் இறக்கமாட்டார்கள். அந்நியத் தீவில் கப்பல் நிற்கும் சில மணி நேரத்தில் மருத்துவரைத் தேடுவது ஆகாத காரியம். பணத்தை இழக்க மனமில்லாமல், எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதிவிடும்படி உடன் வந்தவர்களே சொல்வதுண்டு. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். நீருக்கடியில் சர்க்கரை இறங்கினால் வரும் தலைசுற்றலும் குழப்பமும் கரையில் என்றால் ஒரு வாய் இனிப்போடு போய்விடும். அங்கே வாயில் மூச்சுக் காற்று தரும் ரெகுலேட்டர் இருக்கிறது.

அந்தப் படிவம் இணையத்தில் கிடைக்கும். மருத்துவர் நிரப்புவதற்கும் அதில் தனிப் பக்கம் உண்டு. மகனிடம் சொல்லி அச்செடுத்து, உங்களை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு மாதம் முன்பே கொண்டுபோய் காட்டுங்கள். அவர் சரி என்று கையெழுத்திட்டால் மகிழ்ச்சியாகப் போய் வாருங்கள். வேண்டாம் என்றால் பவளப் பாறை உள்ள ஆழம் குறைந்த இடத்தில், மிதவை உடையோடு, ஒருவர் துணையிருக்க, கண்ணாடி மாட்டி மிதந்து பாருங்கள். பவளத்தின் நிறங்கள் சூரிய வெளிச்சம் விழும் மேல்மட்டத்தில்தான் நன்றாகத் தெரியும் என்பதால் நீங்கள் இழப்பது குறைவுதான். சளி பிடித்திருந்தால் எவருமே முக்குளிக்கக் கூடாது. காது அடைத்துக்கொண்டு செவிப்பறை கிழியவும் கூடும். பயணக் காப்பீடு எடுக்கும்போது ஸ்கூபாவுக்கு விலக்கு இருக்கிறதா என்று மகனைப் படிக்கச் சொல்லுங்கள், பல திட்டங்களில் இருக்கிறது.

கேள்வி: உல்லாசக் கப்பலுக்கு வசதியில்லை. சென்னையிலிருந்து அந்தமானுக்குப் போகும் பயணிகள் கப்பலில் சென்று அங்கே முக்குளித்துவிட்டு வரலாமா? விமானத்தில் போவதுதான் நல்லது என்கிறார் நண்பர்.
– ஒரு வாசகர், எண்ணூர்

பதில்: நேரம் இருந்தால் கப்பலிலேயே போங்கள். அது போக்குவரத்துக் கப்பல். ஆட்டம் பாட்டம் ஒன்றும் இருக்காது, போய்ச் சேர மூன்று நாள் அளவில் ஆகும். மாதத்தில் சில பயணங்களே உண்டு என்பதாலும் தேதி தள்ளிப்போகும் என்பதாலும், விடுப்பை நெருக்கிப்பிடித்து வாங்கக் கூடாது. ஸ்ரீ விஜயபுரம் என்று இப்போது பெயர் மாறியுள்ள போர்ட் பிளேரில் இறங்கி, படகில் சுவராஜ் தீவுக்கு, அதாவது பழைய ஹேவ்லாக்குக்குப் போய் நான்கைந்து நாள் தங்கினால், முதல் கடிதத்தில் எழுதிய நேர நெருக்கடி ஒன்றும் உங்களுக்கு இல்லை. இன்று கடல் சரியில்லையென்றால் நாளை இறங்கலாம். சான்றிதழ்ப் பயிற்சியையே அங்கே முடித்துவிடவும் முடியும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை போவது நல்லது. முதல் பதிலில் சொன்ன நைட்ரஜன் குமிழ்களால் வரும் அழுத்த நோய்க்குச் சிகிச்சை தரும் அறை போர்ட் பிளேரில் கடற்படை மருத்துவமனையில் இருக்கிறது.

ஒன்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பவளம் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. கரையில் ஒதுங்கிக் கிடந்த செத்த துண்டாக இருந்தாலும் எடுத்து வந்தால் குற்றம், துறைமுகத்தில் பையைச் சோதிப்பார்கள்.

உங்கள் நண்பர் சொன்னபடி விமானத்தில் திரும்பினால் கடைசி நாளை நீருக்குள் இறங்காமல் கழிக்க வேண்டியிருக்கும். கப்பல் கடல் மட்டத்திலேயே வருவதால் உங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சுவராஜ் தீவிலிருந்து கிளம்பும் நாளுக்கு முந்தைய மாலை வரை முக்குளித்துவிட்டு வரலாம்.